கூடத்துச் சுவரில் பதித்த தொட்டி

சுரேந்தர் பிறந்து வளர்ந்தது சோமனூரில், விசைத்தறி ஓடும் வீட்டில். வீட்டுக்கும் தறிக் குடோனுக்கும் ஒரே சுவர்தான். தறி ஓடும்போது சமையலறை மேடையில் வைத்த டம்ளர் தானாக நகரும். வீட்டில் யாருக்கும் அது உறைக்காது. தறி நின்றால்தான் என்ன ஆச்சு என்று எழுந்து பார்ப்பார்கள். அந்த அதிர்வு சுரேந்தருக்கு முதல்முறையாகத் தொந்தரவாகப் பட்டது, மீன் வளர்க்க ஆரம்பித்த பிறகுதான்.

அவன் வளர்த்தவை ஆப்பிரிக்க ஏரிகளிலிருந்து வந்த சிக்லிட் மீன்கள். மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று பார்க்க அத்தனை அழகு. குணமோ அத்தனை கோபம். அவற்றுக்கு உப்புத் தண்ணிதான் ஒத்துவரும். கடல் தண்ணீர் அல்ல. எங்கள் பக்கத்தில் போர்வெல்லில் வருமே, வாயில் வைத்தால் நாக்கில் ஒட்டுவதும் போசிப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதுமான தண்ணீர், அது. சோமனூர் வீட்டில் அதற்குக் குறைவில்லை. மீன்கள் நன்றாக வளர்ந்தன, முட்டையும் இட்டன. இந்த வகையில் தாய்மீன் முட்டைகளை வாய்க்குள் அள்ளி வைத்துக்கொள்ளும். குஞ்சுகள் நீந்தும் பக்குவம் வரும்வரை இரை எடுக்காமல் வாயிலேயே சுமக்கும். சுரேந்தர் வீட்டு மீன்களோ இரண்டொரு நாள் சுமந்துவிட்டு, தறிச் சத்தத்தில் மிரண்டு முட்டையை விழுங்கிவிடும்.

அப்பா அங்கப்பனிடம் இதைச் சொன்னபோது அவர், “அப்ப தறிய நிறுத்திப்போடலாமா?” என்று கேட்டார். கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே பதில் எதிர்பார்ப்பவர் போலக் கேட்டுவிட்டு நூல் மூட்டைகளை இறக்கப் போனார்.

வேலுமணியை அவன் சந்தித்தது உக்கடத்தில், ஆசிப் நடத்தும் வளர்ப்பு மீன் கடையில். சென்னையிலிருந்து ஃப்ரண்டோசா குஞ்சுகள் வந்திருந்தன. வெள்ளை உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட மீன். வயதாக ஆக நெற்றி புடைத்து, பெரிய மனிதர் போல நிதானமாக நீந்தும். குஞ்சுகள் இருந்த பையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த சுரேந்தரின் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“ஏனுங்க, அது நான் சொல்லி வெச்சதுங்க.”

“நானும் போன வாரமே சொல்லி வெச்சிருக்கறனுங்க,” என்றான் சுரேந்தர்.

ஆசிப் இரண்டு பேரிடமும் சரி என்று சொல்லியிருந்தது அப்போதுதான் வெளிவந்தது. அவன் சட்டென்று கடைக்குள் ஏதோ வேலையைத் தேடிக்கொண்டான். பையைப் பிரித்துக்கொள்ளவும் வழியில்லை. கூட்டமாக இருந்தால்தான் ஃப்ரண்டோசா பிழைக்கும், இனம் பெருக்கும்.

“அப்ப ஒட்டுக்கா வளத்தலாமுங்களா?” என்றான் வேலுமணி. “எங்கூடு மதுக்கரைங்க. சுண்ணாம்புக்கல்லு பூமி. தண்ணி இதுகளுக்குன்னே செஞ்சு வெச்சாப்புல இருக்குமுங்க.”

வேலுமணி பீளமேட்டில் ஒரு பம்புசெட் பட்டறையில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வேலையில் இருந்தான். அவர்கள் காலனியில் டிப்ளமோ முடித்த முதல் ஆள் அவன்தான். அதை அவனே பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வான். முன்கோபி. மீன் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது இரண்டு இனங்களை ஒரே தொட்டியில் போட்டுக் கலப்புக் குஞ்சு எடுத்ததாக எழுதினால் நாள் முழுக்கச் சண்டை போடுவான். சுரேந்தர் நேரெதிர். யாரையும் எதிர்த்துப் பேசமாட்டான். இருவருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று ஆசிப்பே ஆச்சரியப்பட்டிருக்கிறான்.

ஆரம்பத்தில் ‘ங்க’ போட்டுத்தான் பேசிக்கொண்டார்கள். அது எங்கள் ஊர் வழக்கம். பஸ்ஸில் இடித்தவரைத் திட்டும்போதுகூடக் கடைசியில் ஒரு ‘ங்க’ இருக்கும். சில மாதங்களில் அது ‘வா, போ’ ஆனது. அந்த வருஷம் முடிவதற்குள் ‘டேய் மாப்ளே’ ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் சுரேந்தர் மதுக்கரையில்தான் இருப்பான். ஓட்டு வீடு, அதன் முன்னறை முழுக்கத் தொட்டிகள். வேலுமணியின் அம்மா மாரியாத்தாள் அவற்றுக்கு நடுவில்தான் கட்டில் போட்டுப் படுத்திருப்பாள். வாழ்நாள் முழுக்கத் தோட்டங்களில் களை எடுத்து முழங்கால் தேய்ந்துபோனவள். முதல் தடவை ஃப்ரண்டோசாவைக் குனிந்து பார்த்தவள், “இது நம்ம கொளத்து ஜிலேபி மீனாட்டவே இருக்குது. இதையா இத்தன பொத்திப் பொத்தி வளத்தறீங்க?” என்றாள்.

“ஜிலேபியும் ஆப்பிரிக்காவுல இருந்து வந்ததுதாம்மா. இதுக்குப் பங்காளி முறை,” என்றான் வேலுமணி.

“அப்ப நான் பங்காளியத்தான் கொழம்பு வெச்சிருக்கறேன்,” என்றவள் சுரேந்தரைப் பார்த்து, “உக்காரு கண்ணு. ஆறுனா நல்லா இருக்காது,” என்றாள்.

அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளிலும் சாப்பிட்டான். வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா நாச்சியம்மாள், “மத்தியானம் எங்க சாப்புட்டே?” என்று கேட்டால், “கடையில,” என்பான். அது அவனுக்கு ஒரு பொய்யாகவே தோன்றவில்லை. சொன்னால் எதற்கு ஒரு பேச்சு என்று நினைத்தான். அவ்வளவுதான். இன்றைக்கு யோசிக்கும்போது, தப்பு அந்த ‘கடையில’யிலிருந்தே ஆரம்பித்துவிட்டது என்று அவனுக்குத் தெரிகிறது.

மீன்கள் மெதுவாகத்தான் வளர்ந்தன. முதல் பெண்மீன் வாயில் முட்டை சுமக்கச் சில வருஷங்கள் ஆயின. அந்தக் குஞ்சுகளை வேலுமணிதான் வெளியே எடுத்தான். தாயை ஈரக் கையில் பிடித்து, தலையைக் கீழாகச் சாய்த்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் கீழ்த்தாடையை மெதுவாகத் திறந்தான். குஞ்சுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. சுரேந்தர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மீனின் தாடை கிழிந்துவிடுமோ என்று அவனுக்குப் பயம்.

“கிண்ணத்தப் பாருடா மாப்ளே. சொவரப் பாத்துட்டு நிக்கறே,” என்று வேலுமணி திட்டினான். மாரியாத்தாள் கட்டிலில் உட்கார்ந்தபடி சிரித்தாள்.

அதற்குள் சுரேந்தருக்குச் சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, கல்யாணமும் ஆகிவிட்டது. அங்கப்பன் மகனுக்காகச் சரவணம்பட்டியிலேயே இடம் வாங்கி வீடு கட்டினார். கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவிலுள்ள சுவரில், இரண்டு பக்கமிருந்தும் பார்க்கிற மாதிரி பெரிய மீன் தொட்டியைப் பதித்துவிடலாம் என்ற யோசனையைச் சொன்னது மனைவி புவனா. அப்பா மறுப்பார் என்று சுரேந்தர் நினைத்தான். “வீடுன்னா பாக்கறவன் ஒரு நிமிசம் நின்னு பாக்கோணும்,” என்று அங்கப்பன் ஒத்துக்கொண்டார்.

வேலுமணி தன் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே அதற்கு வரைபடம் போட்டான். கண்ணாடி எத்தனை கனம், அடியில் இரும்புச் சட்டம் எப்படி என்று எல்லாவற்றையும் அவன்தான் பார்த்தான். சரவணம்பட்டிக்கு வரும் குழாய்த் தண்ணீர் மென்மையானது, ஃப்ரண்டோசாவுக்கு ஆகாது. அதனால் தொட்டிக்குள் போட மதுக்கரையிலிருந்து சுண்ணாம்புக்கற்களை மூட்டையாகக் கட்டி வண்டியில் கொண்டுவந்தான். விடுமுறை நாள் எல்லாம் அந்த வீட்டில்தான் கழிந்தது. கடைசியில், கூட்டாக வளர்த்த ஃப்ரண்டோசாக்களையும் அவனே பிடித்துக் கொண்டுவந்து அந்தத் தொட்டியில் விட்டான்.

“உனக்கு ஒண்ணுகூட வேண்டாமாடா?” என்று சுரேந்தர் கேட்டான்.

“என் தொட்டியில இனி இதுக திரும்பக்கூட எடமில்லடா. நம்ம மீனு எங்க இருந்தா என்ன? இங்க பொறக்கற மொதக் குஞ்சு மட்டும் எனக்கு.”

கிரகப்பிரவேசத்துக்கு அழைக்க சுரேந்தர் மதுக்கரைக்கே போனான். மாரியாத்தாள் கையில் பத்திரிகையைக் கொடுத்து, கட்டாயம் வரவேண்டும் என்றான்.

“நான் எதுக்கு கண்ணு? இவன் வருவானல்ல?”

“நீங்க வரலீன்னா எனக்கு அந்த வீடே வேண்டாமுங்கம்மா,” என்றான். அவள் வருகிறேன் என்று சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை. பின்னாளில் அவனை அதிகம் வாட்டியது இந்த வற்புறுத்தல்தான். அவளாக வந்திருக்கமாட்டாள்.

கிரகப்பிரவேசத்தன்று காலையில் கூடம் நிறைய ஆட்கள். பெரும்பாலானவர்கள் தொட்டிக்கு முன்னால்தான் நின்றார்கள். புதுச் சட்டை போட்டிருந்த வேலுமணி, தோளில் ஒரு துணியுடன், குழந்தைகள் விரல் வைத்த இடங்களைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொருவருக்கும் மீனைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், அரக்குச் சேலை கட்டிக்கொண்டு மாரியாத்தாள் உட்கார்ந்திருந்தாள்.

காப்பி டம்ளருடன் அங்கே வந்தார் செட்டிபாளையத்து மாமா. சுரேந்தரின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவரைப் பார்த்ததும் மாரியாத்தாள் கால் வலியோடு எழுந்து நின்று, தோட்டத்து முதலாளியைக் கும்பிடுவதுபோலக் கும்பிட்டாள்.

“என்னுங்க பண்ணாடி, சவுக்கியமுங்களா?”

“நீ எங்க இங்க?”

“பையனோட கூட்டாளி ஊடுங்க.”

மாமா அதற்கு மேல் அவளிடம் பேசவில்லை. மாடிப்படி ஓரமாக நின்றிருந்த அங்கப்பனிடம் போனார். இருவரும் பேசுவதைச் சுரேந்தர் கூடத்தின் இந்தப் பக்கமிருந்து பார்த்தான். அப்பா கண்ணாலேயே அவனைக் கூப்பிட்டார்.

“அந்தம்மா மாமா தோட்டத்துல களை எடுத்தவளாமா?”

“அப்படித்தானாட்ட இருக்குதுங்கப்பா.”

“காலனி ஆளுகன்னு உனக்குத் தெரியுமா?”

சுரேந்தர் தலையாட்டினான்.

“செரி, ஆனது ஆச்சு. பந்தியில உக்கார வேண்டாம். மாமன் எந்திரிச்சுப் போயிருவாரு. அவரு போனா பொறவுக்கு நாலு பேரு போவாங்க. நல்ல நாளு அதுவுமா நமக்கு எதுக்கு? ரெண்டு பேருத்துக்கும் நல்லதா பார்சல் கட்டிக் குடுத்து அனுப்பிச்சுப்போடு. மொகங் கோணாமச் சொல்லு.”

அங்கப்பன் குரலை உயர்த்தவில்லை. ரசத்துக்கு உப்புப் பார்க்கச் சொல்வதுபோலத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, வாசலில் வந்து இறங்கிய யாரையோ வரவேற்கப் போய்விட்டார்.

சுரேந்தர் அந்தப் படியருகிலேயே கொஞ்ச நேரம் நின்றான். அப்பாவிடம் ஏதாவது சொல்லிவிடுவோம் என்று அவனே நினைத்தான். பிறகு சமையல் கூடத்துக்குப் போய் இரண்டு சாப்பாட்டைக் கட்டச் சொன்னான். இனிப்பைக் கொஞ்சம் கூடுதலாக வைக்கச் சொன்னான்.

பையோடு தொட்டிக்கு அருகே வந்து, “மாப்ளே, பந்தி முடிய நேரமாகுமாட்ட இருக்குது. அம்மாவுக்குக் கால் வலி வேற. அதான் பார்சல்…” என்றான்.

“நேரமானா என்னடா? எனக்கு இன்னிக்கு லீவுதான். ஃபில்டர்ல வேற சத்தம் வருது, பாத்துப்போட்டுப் போறேன்,” என்றான் வேலுமணி. அவனுக்கு இன்னும் புரியவில்லை.

மாரியாத்தாளுக்குப் புரிந்துவிட்டது. அவள் எழுந்து வந்து சுரேந்தரின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

“குடுங்க. வேலு, வா போலாம்.”

“இரும்மா, ஃபில்டர்…”

“பஸ்ஸுக்கு நேரமாச்சு.” பிறகு சுரேந்தரைப் பார்த்து, “வாரமுங்க,” என்றாள்.

அத்தனை நாளும் கண்ணு என்று கூப்பிட்டவள். வேலுமணி அம்மாவைப் பார்த்தான், சுரேந்தரைப் பார்த்தான், மாடிப்படியருகே நின்ற செட்டிபாளையத்து மாமாவைப் பார்த்தான். தோளில் கிடந்த துணியை எடுத்து நான்காக மடித்துத் தொட்டியின் மேல் வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். சுரேந்தர் வாசல்வரைகூடப் போகவில்லை. போனால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று தோன்றியது.

அன்று மாலை அவன் எத்தனை தடவை கூப்பிட்டும் வேலுமணி போனை எடுக்கவில்லை. சில நாள் கழித்து ஒரு செய்தி வந்தது: ‘வேலையா இருந்துட்டனுங்க. ஃபில்டர் சத்தம் நின்னுச்சுங்களா?’

சுரேந்தர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். அதில் கோபமாக ஒரு சொல்கூட இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாட்ஸ்அப் குழுவில் யார் யாரையோ திட்டுகிறவன், இவனைத் திட்டும் அளவுக்குக்கூட நெருக்கம் வைக்கவில்லை.

புவனாவிடம் சொன்னான். “எங்கிட்டயாச்சும் வந்து சொல்லியிருக்கலாமல்லங்க. நான் கூட்டிட்டுப் போயி எம் பக்கத்துல உக்கார வெச்சிருப்பேன்,” என்றாள். அவள் அப்படிச் செய்திருப்பாளா என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் அவளிடம் போய்ச் சொல்லலாம் என்றுகூட அன்றைக்கு அவனுக்குத் தோன்றவில்லை என்பது நிஜம்.

சில மாதங்களில் பெரிய தொட்டியில் ஒரு பெண்மீன் முட்டை சுமந்தது. நாலாவது வாரத்தில் அது வற்றிப்போய் ஒரு மூலையில் ஒதுங்கியது. மற்ற மீன்கள் அதைத் துரத்தின. குஞ்சுகளைத் துப்பினால் நொடியில் தின்றுவிடும். சுரேந்தர் தயங்கித் தயங்கி வேலுமணியைக் கூப்பிட்டான். வருவானா என்று கேட்க நினைத்தான். எப்படி எடுப்பது என்று மட்டும் கேட்டான்.

“போனை ஸ்பீக்கர்ல போட்டுக்கங்க,” என்றான் வேலுமணி. “மொதல்ல கையை நல்லா நனைச்சுக்கங்க. வலையில பிடிச்சுட்டீங்களா? இடது கையில வெச்சுக்கங்க, அமுக்க வேண்டாமுங்க. தலை கீழாப்பல இருக்கட்டும். இப்ப பெருவிரலால தாடையை மெதுவாத் தொறங்க.”

“கிழிஞ்சுருமோன்னு பயமா இருக்குதுடா.”

“கிழியாதுங்க. அதுக்கு நம்மளவிடத் தெம்பு அதிகமுங்க. கிண்ணத்தப் பாருங்க.”

குஞ்சுகள் விழுந்தன. சுரேந்தர் இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. ஆனால் கண் கலங்கி எதுவும் சரியாகத் தெரியவில்லை. “வந்துருச்சுடா மாப்ளே,” என்றான். “நல்லதுங்க. தாயைத் தனியா வெச்சு இரை குடுங்க,” என்று சொல்லிவிட்டு வேலுமணி போனை வைத்தான்.

முதல் குஞ்சுகள் வேலுமணிக்கு என்பது பேச்சு. அவை கொஞ்சம் வளர்ந்ததும் ஆக்சிஜன் பிடித்த பையில் எடுத்துக்கொண்டு சுரேந்தர் மதுக்கரைக்குப் போனான். மாரியாத்தாள் அவனைக் கண்டதும் உள்ளேயிருந்து நாற்காலி எடுத்துவந்து வாசலில் போட்டாள்.

“உக்காருங்க. வேலு வந்துருவான். கடையில கலர் வாங்கியாரச் சொல்றனுங்க.”

“கலரெல்லாம் வேண்டாமுங்கம்மா. தண்ணி குடுங்க போதும்.”

அவள் உள்ளே போகவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கடைக்கு அனுப்பினாள். மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலும் ஒரு கலர் சோடாவும் வந்தன. வீட்டிலிருந்து குழம்பு கொதிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. சுரேந்தர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உங்கள் வீட்டுத் தண்ணீரைக் கொடுங்கள் என்று கேட்கும் தகுதி தனக்கு இல்லை என்று நினைத்தான்.

வேலுமணி வந்து பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். “நல்லா வந்திருக்குதுங்க. எங்கிட்ட இப்ப வேற சாதி மீனு ஓடுதுங்க, இதுகளை விட்டா தின்னுபோடும். ஆசிப் கடையில குடுத்துருங்க, நல்ல ஆளுக்குப் போகும்.”

“வேலு, அன்னிக்கு நடந்ததுக்கு… என்னை மன்னிச்சுக்கடா.”

“அட, விடுங்க.” வேலுமணி தெருவைப் பார்த்தான். அம்மா உள்ளே போகும்வரை காத்திருந்து குரலைத் தாழ்த்தினான். “என்னைய மட்டும் கூப்புட்டிருந்தீங்கன்னா நான் இத்தன நெனச்சிருக்க மாட்டனுங்க. எங்கம்மாவ நீங்க அத்தன தூரம் கூப்புட்டிருக்க வேண்டாமுங்க. பார்சலை அம்மா பிரிக்கவே இல்லீங்க. பஸ் ஸ்டாண்டுல யாருக்கோ குடுத்துருச்சு.”

அதற்குப் பிறகு சுரேந்தர் மதுக்கரைக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று நினைப்பான். போய் என்ன சொல்வது என்று தெரியாமல் அந்த ஞாயிறு கழிந்துவிடும். வேலுமணிக்குக் கல்யாணம் ஆனதும், பெண் குழந்தை பிறந்ததும் ஆசிப் மூலமாகத்தான் தெரிந்தன. கண்காட்சிகளில் எப்போதாவது பார்த்துக்கொள்வார்கள். ஒரு தடவை வேலுமணி தன்னோடு நின்றவர்களிடம், “சாருக்குச் சரவணம்பட்டிங்க. ஃப்ரண்டோசாவுல பெரிய ஆளு,” என்று அறிமுகம் செய்துவைத்தான். அதில் கேலி இல்லை. மரியாதையாகத்தான் சொன்னான்.

போன வருஷம் ஆசிப் கடையில் நின்றபோது பேச்சுவாக்கில் தெரியவந்தது, மாரியாத்தாள் இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது என்று. சுரேந்தர் கடைக்கு வெளியே வந்து வேலுமணியைக் கூப்பிட்டான்.

“ஏன்டா எனக்குச் சொல்லல?”

“உங்களுக்கு எதுக்குங்க சிரமம்னுதான். வேலை நாளு வேற,” என்றான் வேலுமணி.

வீட்டுக்கு வந்தபோது அங்கப்பன் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வயதாகி, தறிகளைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகனோடு வந்து தங்கியபின் அவருக்கு அதுதான் பொழுதுபோக்கு. வருகிறவர்களிடம் ஒவ்வொரு மீனையும் காட்டிப் பேசுவார். சுரேந்தர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“இந்தத் தொட்டி கட்டுன வேலுமணியோட அம்மா செத்துப்போயிட்டாங்களாமாங்கப்பா.”

“எந்த வேலுமணி?”

“மதுக்கரை. கிரகப்பிரவேசத்துக்கு அந்தம்மாவும் வந்திருந்தாங்க. பந்தியில உக்கார வேண்டாம், பார்சல் குடுத்து அனுப்புன்னு சொன்னீங்க.”

அங்கப்பன் யோசித்தார். மறைப்பதற்காக யோசிப்பவர் போல இல்லை. அவருக்கு உண்மையாகவே நினைவில்லை.

“அப்படியா சொன்னேன்? சொல்லியிருப்பேன். மாமன் ஒரு மாதிரி ஆளாச்சே. அவரு பேச்சுக்குப் பயந்து சொல்லியிருப்பேன்,” என்றார். பிறகு மகனைத் திரும்பிப் பார்த்து, “நீயாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல கண்ணு, என்ற கூட்டாளிங்கப்பான்னு,” என்றார்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சுரேந்தர் இத்தனை வருஷமாக யோசித்துப் பார்த்திருக்கிறான். அப்பா அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசியிருக்கமாட்டார். மாமா இலையை விட்டு எழுந்து போயிருப்பார். நாலு பேர் கூடவே போயிருப்பார்கள். ஒரு வருஷம் வீம்பாக இருந்துவிட்டு, பிறகு ஏதாவது கல்யாணத்தில் எல்லாரும் ராசியாகியிருப்பார்கள்.

எழுந்து போய்விடுவார் என்று அன்றைக்குப் பயந்த அந்தச் செட்டிபாளையத்து மாமா இறந்தும் சில வருஷமாகிறது. அவருடைய காரியத்துக்குச் சுரேந்தர் போகவில்லை. அன்றைக்கு ஆபீஸில் ஏதோ மீட்டிங் இருந்தது.